கடாரத்துக்கும் ரப்பருக்கும் நடுவே ஓர் ஆறு

மலாக்கா நகரில் ஆற்றை ஒட்டிய ஒரு பகுதிக்குப் பெங்காலான் ராமா என்று பெயர். மலாய்மொழியில் பெங்காலான் என்றால் படகுத்துறை. ஆக, ராமன் துறை. எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கவும், பிள்ளைகளின் பள்ளிக் காரியங்களுக்கும் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அந்தப் பெயர்ப்பலகையைப் பலமுறை படித்தும் இருக்கிறேன். ஒருமுறையாவது நின்று யோசித்ததில்லை.

அந்தத் துறையில் இன்று ஒரு பூங்கா இருக்கிறது. தாமான் ரெம்பா என்று பெயர். ரெம்பா என்பது மசாலைச் சரக்கு. ஆற்றில் ஓடும் சுற்றுலாப் படகுகளின் மேல்முனைத் துறையும் இதுதான். பெரும்பாலானவர்கள் கீழே, நகர மையத்தில் படகேறி இங்கு வந்து திரும்பிப் போய்விடுகிறார்கள். நான் எதிர்த்திசையில், இந்தப் பூங்காவிலிருந்து கடலை நோக்கிக் கால்நடையாக இறங்கினேன். மலாக்கா என்ற நகரம் எதனால் உண்டானதோ அந்தச் சரக்கின் பெயரைச் சுமக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்று பட்டது. பெயரில் ராமன் இருப்பதால் இங்கே ஒரு பழங்கோயிலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கரையில் பெயர்கள்தாம் மிஞ்சியிருக்கும் ஆவணங்கள். அவற்றைப் படிக்கப் பழகவேண்டும்.

நம் மேடைகளில் மலேசியத் தமிழர் வரலாற்றைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதில் தொடங்குவோம். அடுத்த மூச்சில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்துவிடுவோம். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் தான் சே யான் என்ற சீனர் நட்டது. கடாரத்துக்கும் அந்த முதல் ரப்பர்க் கன்றுக்கும் இடையே 871 ஆண்டுகள். ஒரு பக்கம் மாமன்னன், மறுபக்கம் கங்காணியின் பின்னால் வந்த கூலி, நடுவில் வெற்றிடம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் வரலாறு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்த வெற்றிடத்தின் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரையில் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

ஆறு பெரிதல்ல. மேற்கரை, கிழக்கரை இரண்டிலும் இப்போது நடைபாதை. கடைவீடுகள் முன்பெல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. சமையற்கட்டுக் கழிவும் சாக்கடையும் இதில்தான் விழுந்தன. கடல் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரிந்து நாறும். 2000-களில் ஆற்றைச் சீரமைத்து, முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி, நீர்மட்டம் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வீடுகளின் முதுகே முகமாயிற்று. பின்சுவர்களில் ஓவியம், சன்னல்களில் பூச்சட்டி. 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியதும் கூட்டம் பெருகியது. தண்ணீர் இன்றும் பால்தேநீர் நிறம்தான். கரையோரக் கல்லில் நீர் உடும்பு வெயில் காய்கிறது.

சிறிது தூரத்தில் கம்போங் மோர்த்தேன். 1920-களில் உருவான மலாய்க் கிராமம். நகரத்தின் உயரக் கட்டடங்களுக்கு நடுவே மரவீடுகள், கூரைமுகடுகள், முற்றத்துப் பூச்செடிகள். இந்த மண்ணின் மக்கள் தங்கள் வீட்டை விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கிறார்கள். பார்க்க மனம் நிறைகிறது. அதைத் தாண்டி வளைந்து போனால் நகர மையம். அங்கேதான் பாலம்.

இப்போதுள்ள பாலத்துக்குத் தான் கிம் செங் பாலம் என்று பெயர், 1862-ஆம் ஆண்டுடையது. கல்லும் இரும்பும் மாறியிருக்கலாம். இடத்தின் பொருள் மாறவில்லை. சுல்தான்கள் காலத்திலும் நகரத்தின் இரு பாதிகளையும் இணைத்தது இங்கிருந்த பாலமே. கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கடற்பயணங்களில் உடன் வந்த மா ஹுவான் என்ற சீன முஸ்லிம், மன்னர் கட்டிய மரப்பாலத்தின் மேல் இருபதுக்கும் மேற்பட்ட மண்டபங்கள் இருந்ததாகவும் எல்லாச் சரக்கின் வாணிபமும் அங்கேயே நடந்ததாகவும் எழுதியிருக்கிறார். பாலமே சந்தை. 1511-இல் அல்புகெர்க்கின் போர்த்துக்கீசியப் படை ஊரைப் பிடிக்க வந்தபோது குறிவைத்ததும் இந்தப் பாலத்தைத்தான். ஜூலை 25-இல் முதல் தாக்குதல். பிடித்த இடத்தைத் தக்கவைக்க முடியாமல் பின்வாங்கினார்கள். பிறகு பாலத்தைவிட உயரமான ஒரு மரக்கலத்தில் வீரர்களை ஏற்றினார்கள். அது மணல்திட்டில் சிக்கியது. பெருநீர் ஏறும்வரை காத்திருந்து அதை மிதக்கவிட்டு, ஆகஸ்ட் 10-இல் மறுபடி தாக்கினார்கள். அந்த மாதத்துக்குள் ஊர் விழுந்தது. ஓர் ஓதத்தின் ஏற்றம் ஒரு சுல்தானகத்தின் முடிவைத் தீர்மானித்த இடத்தில் நின்றுகொண்டு இன்று நாம் ஐஸ் செண்டோல் குடிக்கிறோம்.

அந்தப் பாலத்தில் யார் யார் நின்று விலை பேசினார்கள்? தோமே பிரஸ் என்ற போர்த்துக்கீசிய மருந்தாளர், ஊர் விழுந்த அடுத்த ஆண்டே இங்கு வந்து கணக்குகளைக் குறித்தவர், இந்தத் துறையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார். வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். குஜராத்தியருக்கென்று ஒருவர். சோழமண்டலக் கரையார், வங்காளத்தார், பெகுவார், பாசாயார் எல்லாருக்குமாக இன்னொருவர். ஜாவா, மொலுக்கஸ் பக்கத்தாருக்கு மூன்றாமவர். சீனா, சம்பா, ரியூக்யூ ஆட்களுக்கு நான்காமவர். நம்மவர்கள் கொண்டுவந்தது முதன்மையாகத் துணி. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த பருத்தித் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். துணி இல்லையென்றால் மசாலை இல்லை. தாமான் ரெம்பா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்த் தறி இருக்கிறது.

அரண்மனைக்குள்ளும் இருந்தார்கள். 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல் மானி புரிந்தான் என்ற தென்னிந்தியரைப் பற்றிச் சொல்கிறது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் சுல்தான் முசாபர் ஷா. மகன் துன் அலி ஸ்ரீ நாரா திராஜா. துன் அலியின் மகன் துன் முத்தாகிர், சுல்தானகத்தின் கடைசிக் காலப் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர். ராஜா முதலியார் என்ற ஷாபந்தருக்கும் நைனா சூரா தேவானா என்ற வணிகருக்கும் வந்த வழக்கு, லஞ்சம், கோள் என்று முறுக்கிக்கொண்டு போய், 1510-இல் துன் முத்தாகிர் கொல்லப்பட்டதில் முடிந்தது. அடுத்த ஆண்டே போர்த்துக்கீசியர் வந்துவிட்டார்கள். இன்றைய மலாக்காவின் லிட்டில் இந்தியா ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் வட்டாரத்தில் இருக்கிறது. வாழையிலையும் மல்லிகைச் சரமும் வாங்கப் போகிறவர்கள் பெண்டஹாரா என்ற பலகையைப் பார்க்கும்போது, அந்தப் பதவியில் தமிழ் இரத்தம் கலந்த ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டத்தை இன்னொருவரும் சுமந்தார். அவரைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேசிவிட முடியாது. போர்த்துக்கீசியர் நைனா சத்து என்று எழுதிய அந்த இந்து வணிகரின் பெயரில் நம் நயினார் என்ற சொல் ஒலிக்கிறது. மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு அவர் மறைவாக உதவினார். ஊர் அவர்கள் கைக்கு வந்தபின் அல்புகெர்க் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார். போர்த்துக்கீசிய மன்னரோடு பங்கு வைத்துக் கப்பல்களும் விட்டார். 1514-இல் அந்தப் பதவியை எடுத்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவானதும், அவமானம் தாங்காமல், சந்தனக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே பதிந்திருக்கிறார்கள். மலாய்க்காரர் பார்வையில் அவர் காட்டிக்கொடுத்தவர். அதை மறுக்க நமக்கு வாயில்லை. வெள்ளையனை நம்பிய ஒரு வணிகன் தேவை தீர்ந்ததும் எறியப்பட்டான் என்பதும் உண்மை. நம் வரலாறு என்று சொல்லிக்கொள்ள வந்தால் இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அன்றைய மலாக்காச் செல்வர்களிடம் அடிமைகள் கூட்டம் கூட்டமாக இருந்ததை அக்கால நூல்கள் மறைக்கவில்லை. மானத்தோடு உழைத்துப் பிழைத்த தோட்டத்துப் பாட்டன்மாரைத் தாழ்த்தி, இந்தப் பணக்கார வணிகர்களை உயர்த்துவதற்காக நான் இதை எழுதவில்லை.

பாலத்தைக் கடந்து மேற்கரைக்கு வந்தால் அன்றைய உப்பே, அயல் வணிகர்களின் பகுதி. மலாக்காவிலேயே பிறந்த கொதிஞ்ஞோ தெ எரேடியா 1613-இல் எழுதிய நூலில் 'கம்போன் செலிம்' என்று இதைக் குறிக்கிறார். சோழமண்டலக் கரையார் வாழ்ந்த கம்போங் கெலிங்தான் அது. இன்று அங்கே 1748-இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. முதலில் மரம், 1872-இல் செங்கல்லால் மறுபடி கட்டினார்கள். மூன்றடுக்குப் பிரமிட் கூரை, பகோடா போன்ற மினாரா. அதே தெருவில், ஜாலான் துக்காங் எமாஸில், சில அடி நடந்தால் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781-இல் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. பொய்யாத விநாயகர்! சொன்ன சொல் தவறாத பிள்ளையார். கடனும் வாக்கும் கொண்டு வாழ்ந்த வணிகர்கள் தங்கள் சாமிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடியிருக்க முடியாது.

கெலிங் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்த வசவு. எனக்கும் விழுந்திருக்கிறது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கொள்ளும் அந்தச் சொல், பழைய மலாய் நூல்களில் கடல் கடந்து வந்த மதிப்புள்ள வணிகரைக் குறித்தது. யாரையும் இன்று அப்படி அழைக்கக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிவாசலின் பலகையிலிருந்து அதை அழிக்கச் சொல்லவும் மாட்டேன். அதை அழித்தால், இந்தக் கரையில் நாம் இருந்ததற்கான எழுத்துச் சான்றுகளில் ஒன்றை நம் கையாலேயே அழித்தவர்கள் ஆவோம்.

அந்த வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் டச்சுக்காரர் காலத்தில் ஆற்றங்கரையை விட்டு உள்ளே, காஜா பெராங் பக்கம் நகர்ந்தார்கள். கடல் வாணிபம் கையை விட்டுப் போயிற்று, நிலம் தேடினார்கள். அங்குள்ள அவர்களுடைய ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் 1822-ஆம் ஆண்டுடையது. அவர்கள் வீட்டு மொழி இன்று மலாய். பெண்கள் கெபாயா அணிகிறார்கள். தமிழை இழந்தவர்கள் என்று நம் ஆட்கள் சிலர் அவர்களைக் குறைவாகப் பேசக் கேட்டிருக்கிறேன். மொழி போன பின்னும் மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்து, பொங்கலையும் முன்னோர் படையலையும் விடாமல் காத்தவர்களை அப்படிப் பேச நமக்கு உரிமையில்லை.

மொழி என்றதும் முன்ஷி அப்துல்லா நினைவுக்கு வருகிறார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர் 1796-இல் மலாக்காவில், கம்போங் பாலியில் பிறந்தவர். பாலி என்பது நம் முஸ்லிம்கள் சொல்லும் பள்ளிதான் என்பது என் எண்ணம். பாட்டனின் தந்தை ஏமனிலிருந்து வந்து நாகூரில் குடும்பம் அமைத்த அரபியர். மலாக்காவில் இருந்த பாட்டியின் பெயர் பெரி ஆச்சி. அந்தப் பாட்டி இருநூறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்ததாகப் பேரன் எழுதியிருக்கிறார். தன் வரலாற்றில் அவர் சொல்லும் ஒரு செய்தியை நான் பலமுறை படித்தேன்: சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தாராம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது மலாக்காவில் முன்னோர் காலத்து வழக்கமாம், கணக்குவழக்குக்கு அந்த மொழி வேண்டியிருந்ததால். இதே ஊரில் தமிழ் பணக்காரப் பிள்ளைகள் படிக்க ஆசைப்பட்ட மொழியாக இருந்தது. தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று இன்று தயங்கும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் எச்சத்தை மலாய்மொழி இன்னும் வாயில் வைத்திருக்கிறது. கெடாய் நம் கடை. கப்பால் நம் கப்பல். மோடால் நம் முதல். பெட்டி பெத்தியாயிற்று, கூலி கூலியாகவே இருக்கிறது.

ஆற்றின் வாய்ப்பக்கம் கோட்டைப் பகுதி. போர்த்துக்கீசியர் கட்டியதை 1641-இல் டச்சுக்காரர் பிடித்தனர். 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். சந்தியாகோ வாயில் மட்டும் நிற்கிறது. 2006-இல் ஒரு சுழல் கோபுரம் எழுப்பத் தோண்டியபோது டச்சுக்காரரின் மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தை மறுபடி எழுப்பினார்கள். நல்ல முடிவு. அதற்கருகே புளோர் தெ லா மார் கப்பலின் பெரிய மாதிரி, உள்ளே கடல்சார் அருங்காட்சியகம். மலாக்காவில் கொள்ளையடித்த செல்வத்தை ஏற்றிக்கொண்டு 1511-இலேயே சுமத்திராக் கடலில் மூழ்கிய அல்புகெர்க்கின் கப்பல் அது. பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொள்ளைக்காரனின் கப்பலுக்கு இத்தனை உயர மாதிரி இருக்கும்போது, நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஆற்றுவாயில் நங்கூரமிட்ட பழவேற்காட்டு, நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு ஒரு கையகல மாதிரியாவது கரையில் வைத்திருக்க வேண்டாமா? இந்தக் கரையை அழகுபடுத்தியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். இந்த ஒன்றில் அவர்கள் தவறிவிட்டார்கள்.

எங்கள் பக்கமும் ஓர் ஆற்றங்கரைக் கோட்டை உண்டு என்பதை மஸ்ஜித் தானாக்காரர்கள் பலர் நினைப்பதில்லை. கோலா லிங்கியில், லிங்கி ஆறு கடலில் சேரும் இடத்தில், மேட்டின் மேல் கோத்தா சுப்பாய். புகிஸ்காரர்களோடு நடந்த போரை அடுத்து 1757-இல் டச்சுக்காரர் எழுப்பியது. பிலிப்பினா கோட்டை என்று பெயர் வைத்தார்கள். சுங்கை ஊஜோங்கிலிருந்து லிங்கி வழியே ஈயம் வந்தது. ஈயத்தைக் காவல் காக்கவே கோட்டை. சோழமண்டலக் கரைக்கும் ஈயம் போனது. அங்கிருந்து துணி வந்தது. மலாக்கா ஆற்றில் நான் கண்ட அதே கணக்குதான் எங்கள் ஆற்றிலும். மரநிழலில் சுண்ணாம்புக்கல் நிறத்துப் பழஞ்சுவர்கள், கீழே அகன்ற நீர், எதிர்க்கரை நெகிரி செம்பிலான். அந்தக் கரையில் பெங்காலான் கெம்பாஸில் 1467-ஐச் சேர்ந்த கல்லறையும் நெட்டுக்கற்களும் இருக்கின்றன. நகரத்து நடைபாதையின் ஆரவாரம் இங்கில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில்கூட நாலைந்து பேர்தான்.

எங்கள் ஊர்ப் பெயருக்கே மண் பள்ளிவாசல் என்று பொருள். எங்களைச் சுற்றி முன்பு பால்மரக்காடு, இப்போது செம்பனை. 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அதே நாகப்பட்டினத்திலிருந்து நானூறு ஆண்டு முன்னால் துணிமூட்டையோடு வந்தவர்கள் இந்த ஆற்றில் இறங்கினார்கள். துறை ஒன்றுதான். ஒரு கூட்டம் சரக்கோடு வந்தது, இன்னொரு கூட்டத்தையே சரக்காக ஏற்றி வந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவைக் கப்பல் மாதிரியின் முன்னால் தொடங்காதீர்கள். பிள்ளைகளைத் தாமான் ரெம்பாவில் இறக்கிவிட்டு, பெங்காலான் ராமா என்ற பலகையைத் தமிழில் படித்துக்காட்டி, பாலம்வரை நடத்திக் கூட்டிப்போங்கள். பொய்யாத விநாயகர் கோயிலும் கெலிங் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கின்றன. போய் வந்த பிறகு, பாலத்தருகே தமிழ் வணிகர்களைப் பற்றி ஓர் அறிவிப்புப் பலகை வைக்கும்படி மாநில அரசுக்குப் பிள்ளைகளையே மலாயில் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.